பெரும் செல்வமா, நீங்காத மகிழ்ச்சியா? ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால்

12 பிப்ரவரி 2024, காலை (வாசகர் கேள்வி)

"ஒரு பக்கம் ஏழு தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்டாலும் குறையாத செல்வம். அதோடு மகிழ்ச்சியும் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறுபக்கம் சாகும்வரை நீங்காத மகிழ்ச்சி. ஆனால் கையில் அன்றாடச் செலவுக்குப் போதுமான பணம் மட்டும்தான். ஒன்றைத்தான் எடுக்கலாம். மகிழ்ச்சியை எடுப்பேன் என்று சொல்கிற எல்லாரும் மனமறிந்து பொய் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. மறுக்க முடிந்தால் மறுங்கள்."

12 பிப்ரவரி, மதியம்

மகிழ்ச்சியைத்தான் எடுப்பேன். பொய் இல்லை. இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களுடைய கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்கிறேன். பெரிய சொத்துகளை உள்ளே இருந்து பார்த்தவள். பணம் எதற்கு? மகிழ்ச்சியாக இருப்பதற்கு. அதுவே நேராகக் கைக்கு வருகிறது என்றால் நடுவில் சுற்றுவழி எதற்கு?

12 பிப்ரவரி, இரவு

மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பாதிப் பொய்தான் அது. கேள்வி கேட்டவரிடம் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு ஒன்பது வயது. அப்பா ஒரு நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். கடன் அப்பா தலையில் விழுந்தது. மாதத்தின் முதல் வாரத்தில் கடன் கொடுத்தவர் வருவார். தெருமுனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் அப்பா உள் அறைக்குப் போய்விடுவார். கதவைத் திறந்து "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்வது என் வேலை. குழந்தை சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தார்களோ, குழந்தையைத் திட்டமாட்டார்கள் என்று நினைத்தார்களோ. நான் தடுமாறாமல் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வெளியே வந்த பிறகு கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்க மாட்டார். நான்கு வருடம் இப்படிப் போனது.

அந்த வீட்டுக்கு வந்து யாராவது செல்வமா, மகிழ்ச்சியா என்று கேட்டிருந்தால் எங்களுக்குக் கேள்வியே புரிந்திருக்காது. இரண்டும் ஒன்றுதானே என்று திருப்பிக் கேட்டிருப்போம்.

13 பிப்ரவரி

"அன்றாடச் செலவுக்குப் போதுமான பணம்." கேள்வியின் சூட்சுமம் முழுவதும் இந்த நான்கு சொல்லில் இருக்கிறது. அன்றாடத்தில் அறுவை சிகிச்சை சேருமா? வேலை போய் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பது சேருமா? நம்மை நம்பிக் கையெழுத்துக் கேட்டு வருகிற நண்பர் சேருவாரா? அப்பாவிடம் அன்றாடச் செலவுக்குப் பணம் எப்போதும் இருந்தது. அன்றாடம் அல்லாத ஒரே ஒரு நாள்தான் அவரைச் சாய்த்தது.

14 பிப்ரவரி

1978இல் வந்த ஓர் ஆய்வை இந்தப் பேச்சில் யாராவது இழுத்துவிடுவார்கள், நானே இழுத்துவிடுகிறேன். ஃபிலிப் பிரிக்மனும் இரண்டு சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் இலினாய் மாநில லாட்டரியில் பெருந்தொகை வென்றவர்களையும், விபத்தில் கைகால் செயலிழந்தவர்களையும், இரண்டிலும் சேராதவர்களையும் பேட்டி எடுத்தார்கள். லாட்டரி வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை. விபத்துக்குள்ளானவர்களும் பழகிக்கொண்டு பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள். ஆக மனிதன் எதற்கும் பழகிப்போவான், பணம் வந்தாலும் போனாலும் கடைசியில் ஒரே இடம்தான். கேள்வி கேட்டவருக்கு இதுவே போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

17 பிப்ரவரி

போதாது. மேலே எழுதியதில் பாதி தவறு, திருத்துகிறேன். வருடக்கணக்காகக் காதில் விழுந்த கதையை அப்படியே எழுதிவிட்டேன். மூன்று நாள் கழித்து அந்த ஆய்வின் அட்டவணையைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அட்டவணையைப் பார்க்காமல் எழுதியது என் தொழிலுக்கே அடுக்காது.

0 முதல் 5 வரை மதிப்பெண். லாட்டரி வென்றவர்கள் 4.00. எதுவும் நடக்காதவர்கள் 3.82. விபத்துக்குள்ளானவர்கள் 2.96. கடைசி எண் நடுப்புள்ளிக்கு மேலே இருக்கிறது, அது ஆச்சரியம்தான். ஆனால் அவர்கள் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள் என்று எந்தக் கண்கொண்டு சொல்வது? மற்ற இரண்டு குழுவினருக்கும் அவர்களுக்கும் நடுவே பெரிய பள்ளமே இருக்கிறது. தவிர, வென்றவர்கள் 22 பேர், எதுவும் நடக்காதவர்கள் 22 பேர், விபத்துக்குள்ளானவர்கள் 29 பேர். எழுபத்துமூன்று பேரை வைத்துக்கொண்டு மனித குலத்துக்கே ஒரு விதி எழுதிவிட்டோம்.

அந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. நண்பருடன் பேசுவது, நகைச்சுவை கேட்பது, பத்திரிகை படிப்பது மாதிரியான சின்ன விஷயங்கள் எவ்வளவு இன்பம் தருகின்றன என்று கேட்டபோது லாட்டரி வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக மதிப்பெண் கொடுத்தார்கள். ஒரு பெரிய வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அகல் விளக்கு தெரியாமல் போவது போல. பணம் எதையும் பறிக்கவில்லை. எல்லாம் அங்கேயேதான் இருந்தன, சுவை மட்டும் குறைந்துவிட்டது.

18 பிப்ரவரி

"நீங்காத" என்ற சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

24 பிப்ரவரி

வாசகர் ஒருவர் சுவீடனில் நடந்த ஆய்வைக் காட்டினார், நன்றி. 2020இல் வெளியானது. இது பெரிய கூட்டம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட லாட்டரிப் பரிசுக்காரர்கள். பரிசு விழுந்து ஐந்து முதல் இருபத்திரண்டு வருடம் கழித்துக் கேட்டிருக்கிறார்கள். பெரிய தொகை வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி உயர்ந்திருக்கிறது, பத்து வருடம் தாண்டியும் தேயவில்லை. "மனிதன் பழகிப்போவான்" என்று 14ஆம் தேதி நான் அடித்துச் சொன்னதற்கு நேர் எதிர்.

ஆனால் அதிலேயே இன்னொரு வரி. வாழ்க்கைத் திருப்தி என்று ஒன்று கேட்டார்கள், மகிழ்ச்சி என்று தனியாக ஒன்று கேட்டார்கள். மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் பணத்தின் விளைவு அதைவிட மிகக் குறைவு.

இது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் தொழிலில் இரண்டு தாள் உண்டு. இருப்புநிலைக் குறிப்பு என்பது ஆண்டின் கடைசி நாளில் நின்று எடுத்த ஒரே ஒரு படம்: என்ன இருக்கிறது, யாருக்கு என்ன பாக்கி. லாப நட்டக் கணக்கு அந்த ஆண்டு முழுவதும் என்ன ஓடியது என்று சொல்லும். "உங்கள் வாழ்க்கை எப்படி?" என்று கேட்டால் ஆள் மனதுக்குள் இருப்புநிலைக் குறிப்பை எடுத்துப் பார்க்கிறார். வீடு இருக்கிறது, கடன் இல்லை, சேமிப்பு இருக்கிறது, நல்ல வாழ்க்கை. "நேற்று எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டால்தான் மற்றத் தாள் வெளியே வரும். முதல் தாளைப் பணம் நிச்சயமாக உயர்த்தும். இரண்டாவது தாளில் அதன் கை அவ்வளவு நீளமில்லை.

கேள்வி கேட்டவர் ஒரு தராசின் இரண்டு தட்டில் இந்த இரண்டு தாளையும் வைத்து எது கனம் என்று கேட்கிறார்.

25 பிப்ரவரி

அம்மாவிடம் இந்தக் கேள்வியைச் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பணத்தைக் குடுக்கச் சொல்லு, சந்தோஷத்தை நான் பாத்துக்கறேன்."

சிரித்துவிட்டேன். அப்புறம் அது சிரித்துவிட்டுப் போகும் பதிலாகப் படவில்லை. ஜாமீன் கடனில் பெரும்பகுதியை அடைக்கத் தன் பெயரில் இருந்த நிலத்தை விற்றவர் அவர். மகிழ்ச்சியைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று அத்தனை நாளும் பார்த்துக்கொண்டவர். கொடுக்கப்படாதது எது என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

2 மார்ச்

"வருடத்துக்கு 75,000 டாலர் தாண்டினால் மகிழ்ச்சி ஏறாது என்று நிரூபித்துவிட்டார்களே, இன்னும் என்ன பேச்சு?" என்று ஒருவர். இதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2010இல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களிடம் எடுத்த நாலரை லட்சம் பதில்களை ஆராய்ந்து சொன்னது அது. அன்றாட மனநிலை ஏறக்குறைய 75,000 டாலருக்கு மேல் உயரவில்லை, வாழ்க்கையைப் பற்றிய மதிப்பீடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் இதை மறுத்தார். வேலை பார்க்கும் 33,000க்கு மேற்பட்டவர்களின் கைப்பேசிக்கு நாளில் அவ்வப்போது "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேள்வி அனுப்பி 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைச் சேர்த்தார். அதில் எந்த இடத்திலும் ஏற்றம் நிற்கவில்லை.

இதன்பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சண்டை போட்டுக்கொள்ளாமல், பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியலாளர் நடுவராக இருக்க, கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் ஒரே மேசையில் உட்கார்ந்து தரவை மறுபடி பார்த்தார்கள். 2023இல் மூவர் பெயரிலும் முடிவு வந்தது. பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது. மிகவும் வாடிப்போயிருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஏறக்குறைய 1,00,000 டாலர்வரை ஏறி, பிறகு நின்றுவிடுகிறது. அவர்களுடைய துக்கம் பணம் தொட முடியாத ஏதோ ஒன்று: இறப்பு, பிரிவு, மனச்சோர்வு.

ஏற்றம் நிற்கவில்லை என்றதும் செல்வக் கட்சிக்காரர்கள் துள்ளக் கூடாது. அந்த ஏற்றம் இரட்டிப்புக் கணக்கில் நடக்கிறது. முப்பதாயிரம் அறுபதாயிரம் ஆகும்போது எவ்வளவு ஏறுகிறதோ, அறுபதாயிரம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும்போதும் அவ்வளவுதான் ஏறும். அடுத்த அதே படிக்கு இன்னொரு ஒரு லட்சத்து இருபதாயிரம் வேண்டும். மேலே போகப்போக ஒரு படிக்கான விலை இரண்டு மடங்காகிக்கொண்டே போகிறது. அந்த விலையைப் பணமாக யார் கட்டுகிறார்கள்? மாலை நேரங்களாகத்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

3 மார்ச்

மாலை நேரம் என்று எழுதியதும் தூக்கம் வரவில்லை. என் கதையைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது.

முப்பத்தைந்து வயதில் வெளிநாட்டு வேலைக்குப் போனேன். இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் கடன் இல்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. ஆனாலும் தட்டுவார்கள் என்று நினைத்தே சேர்த்தேன். இரண்டு வருடம் முடிந்ததும் இன்னும் ஒரு வருடம் என்றேன். அந்த ஒரு வருடத்தை ஏழு முறை சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குத் தொலைபேசி. கடைசி இரண்டு வருடம் அம்மாவின் பேச்சு சுருங்கிப்போனது. "உடம்பு எப்படிம்மா?" என்றால் "நல்லா இருக்கேன்." "தம்பி வந்தானா?" என்றாலும் "நல்லா இருக்கேன்." "என்ன பண்ணிட்டு இருக்கே?" என்றாலும் "நல்லா இருக்கேம்மா, நீ வேலையைப் பாரு." என்மேல் வருத்தம் என்று நினைத்தேன். வருத்தப்படுகிறவரிடம் அதிகம் பேசி இன்னும் வருத்த வேண்டாம் என்று நானும் சுருக்கிக்கொண்டேன். ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

தம்பி ஆசிரியர். பக்கத்திலேயே இருந்தான், மாலையில் அம்மாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். அவன்தான் கவனித்தான், பேசும்போது அம்மா அவன் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிறார் என்று. ஒரு நாள் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். திரும்பவில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போனான். இரண்டு காதும் வெகுநாளாகவே போய்க்கொண்டிருந்திருக்கின்றன. தொலைபேசியில் நான் என்ன கேட்கிறேன் என்றே அம்மாவுக்குத் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் பொருந்தும் ஒரு பதிலைப் பிடித்து வைத்திருந்தார்.

நல்ல காதுக் கருவிக்குத் தம்பியின் ஆறு மாதச் சம்பளம் போல ஆகும் என்றார்கள். அன்றைக்கே அனுப்பினேன்.

கருவி மாட்டிய பிறகு வந்த முதல் ஞாயிறு. நான் ஹலோ சொன்னதும் அம்மா கேட்டது: "உனக்குப் பின்னால மழையா பெய்யுது?"

பெய்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடம் பேசினோம்.

3 மார்ச், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விட்டுவிட்டேன். என் பணம் இல்லை என்றால் அந்த மழைச் சத்தம் அம்மாவுக்குக் கேட்டிருக்காது. தம்பியின் அரை மணி நேரம் இல்லை என்றால் அம்மாவுக்குக் கேட்கவில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. யார் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிரிக்கப் பார்த்து எத்தனையோ முறை தோற்றிருக்கிறேன். தம்பி தன்னுடையது சரி என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மாலையில் வந்து உட்கார்ந்ததைத் தியாகமாகவும் அவன் நினைக்கவில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது.

9 மார்ச்

"பழகிப்போவது" பற்றி மறுபடி. 14ஆம் தேதி அதை ஒரு குறையாகச் சொன்னேன், 24ஆம் தேதி அது முழு உண்மை இல்லை என்றேன். இப்போது வேறொன்று தோன்றுகிறது.

முதல் மாதம் முழுவதும் அம்மா கருவியைப் பற்றியே பேசுவார். விசிறி இப்படிச் சத்தம் போடுமா, என் செருப்பு இப்படித் தேயுமா என்று. இப்போது அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அளவுகோல் வைத்துக் கேட்டால் மகிழ்ச்சி பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்றுகூடப் பதிவாகும். ஆனால் அவர் கருவியை மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதுதானே அது செய்த வேலை? வலியை நீக்கும் பணம் மறக்கப்பட வேண்டிய பணம். கண்ணாடி போட்டவர் கண்ணாடியை நினைத்து நாள்தோறும் பூரிக்க வேண்டியதில்லை. வீண் ஆடம்பரம் பழகிப்போவதையும் இதையும் ஒரே சொல்லால் அழைப்பது எனக்கு உடன்பாடில்லை.

பழகாமல் நிற்பதும் உண்டு. வாசலில் வண்டி வந்து நின்றால் இன்றும் ஒரு நொடி என் மூச்சு நின்றுவிடுகிறது. நாற்பது வருடம் ஆகிறது.

10 மார்ச்

ஒருவர் கேட்டார்: பெரிய சொத்துகளைப் பார்த்தேன் என்றீர்களே, என்ன பார்த்தீர்கள்? அடையாளம் தெரியாமல் இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவருக்குக் கணக்கை முடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் முதல் கேள்வி தன் கணக்கைப் பற்றி இருக்காது. "தம்பி இந்த வருடம் எவ்வளவு காட்டியிருக்கிறான்?" அப்பா விட்டுப்போன தொழிலை இரண்டாகப் பிரித்துக்கொண்டவர்கள். பன்னிரண்டு வருடத்தில் இவருடைய சொத்து மூன்று மடங்கானது, கேள்வி ஒரு சொல் மாறவில்லை. இன்னொருவர், கணவரின் தொழிலைத் தனியாக எடுத்து நடத்தும் அம்மா. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "யாருக்கும் பாக்கி இல்லையே?" என்பார். இல்லை என்றதும் புத்தகத்தை மூடிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சொத்து.

பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இல் கேட்டது இதைச் சார்ந்ததுதான். ஒரு நாட்டுக்குள் பார்த்தால் வசதியானவர்கள் வசதி குறைந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். அப்படியானால் நாடு முழுவதும் வசதி பெருகும்போது எல்லாரும் மகிழ்ச்சியில் உயர வேண்டும். அமெரிக்காவில் அப்படி உயரவில்லை என்றார் அவர். இன்றுவரை இதில் வாதம் ஓயவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தே நம் வீட்டை அளக்கிறோம் என்பது அதற்கு அவர் தந்த விளக்கங்களில் ஒன்று. முதலாமவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

17 மார்ச்

"நீங்காத." சரி, இன்று எழுதிவிடுகிறேன்.

1974இல் ராபர்ட் நோசிக் என்ற தத்துவவாதி ஒரு கற்பனை இயந்திரத்தைச் சொன்னார். அதில் படுத்துக்கொண்டால் வேண்டிய அனுபவமெல்லாம் கிடைக்கும், உண்மை போலவே இருக்கும், இயந்திரத்துக்குள் இருக்கிறோம் என்பதுகூடத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் படுத்துக்கொள்வீர்களா? பலர் மாட்டேன் என்பார்கள். ஏன் மாட்டோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்றார்.

எனக்கு இயந்திரம் வரை போக வேண்டாம். அப்பா இறந்த நாளே போதும்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நிலம் விற்றது போக மீதிக் கடன் தவணையாக இழுத்துக்கொண்டே போனது. வேலைக்குப் போன முதல் வருடம் கடைசித் தவணையை என் சம்பளத்தில் கட்டினேன். அப்பாவும் கூட வந்தார். பத்திரத்தைத் திரும்ப வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என் வாழ்க்கையில் பணத்தால் வாங்கிய மகிழ்ச்சிகளில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

எட்டு வருடம் கழித்து அவர் இறந்த அன்று மாலை, வேறெதையோ தேடி அலமாரியைத் திறந்தேன். அந்தப் பத்திரம் இருந்தது, நான்காக மடித்தபடி.

அந்த நேரத்தில் நான் மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டுமா? கேள்வியின்படி மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டவளுக்கு அது நீங்காதே. பத்திரத்தைப் பார்க்கிறேன், உள்ளே ஒன்றும் அசையவில்லை, அல்லது இனிமையாக இருக்கிறது. அப்படி ஒரு வரத்தை நான் ஏற்க மாட்டேன். அன்று அழுததை என்னிடமிருந்து யாரும் எடுக்கக் கூடாது.

ஆகவே 12ஆம் தேதி மதியம் எழுதியதை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். நீங்காத மகிழ்ச்சி எனக்கு வேண்டாம். போய்த் திரும்பி வருகிற மகிழ்ச்சி போதும்.

18 மார்ச்

"அப்படியானால் செல்வத்தை எடுப்பீர்களா?" என்று மூன்று பேர். அவசரப்படுத்தாதீர்கள்.

20 மார்ச்

ஒருவர் 2008இல் வந்த ஆய்வைக் குறிப்பிட்டார், கடைசித் தவணைக் கதையைப் படித்துவிட்டு. எலிசபெத் டன்னும் கூட்டாளிகளும் காலையில் 46 பேரிடம் ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்தார்கள். பாதிப் பேர் மாலை ஐந்து மணிக்குள் தங்களுக்குச் செலவழிக்க வேண்டும், மீதிப் பேர் பிறருக்கு. பிறருக்குச் செலவழித்தவர்கள் மாலையில் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஐந்தா, இருபதா என்பதில் வித்தியாசம் இல்லை. வேறு சிலரிடம் இதில் யார் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று கேட்டபோது, இருபது டாலரைத் தனக்கே செலவழித்தவர் என்று தவறாக ஊகித்தார்கள்.

46 பேர்தான், அதை மறக்கவில்லை. பிப்ரவரி 17ஆம் தேதி பிரிக்மனுக்குச் சொன்னதை இதற்கும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தவறான ஊகத்தை என்னிடமே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் இருந்த ஒன்பது வருடத்தில் எனக்கென்று வாங்கியவற்றில் எதையும் இங்கே எழுதத் தோன்றவில்லை.

29 மார்ச்

கானமன் 27ஆம் தேதி காலமானார். வயது 90. இந்தப் பேச்சில் பாதி அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறது. அனுபவிக்கிற நான், நினைவுகூர்கிற நான் என்று ஒரே ஆளுக்குள் இரண்டு பேரைக் காட்டியவர். ஒருவர் நொடி நொடியாக வாழ்கிறார், மற்றவர் அதைக் கதையாக்கி வைத்துக்கொள்கிறார். நாம் எடுக்கும் முடிவுகளை இரண்டாமவர்தான் எடுக்கிறார்.

வெளிநாட்டில் இருந்த ஒன்பது வருடத்தை நினைவுகூர்கிற நான் நல்ல வருடங்கள் என்கிறாள். சேமிப்பு, அனுபவம், தம்பி வீடு கட்ட உதவியது, எல்லாம் அவள் கணக்கில் இருக்கிறது. நொடி நொடியாக வாழ்ந்தவளிடம் கேட்டால், மாலை ஆறு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறாள். இரண்டும் உண்மைதான்.

தன் முடிவு தவறு என்று ஒருவர் சொன்னபோது அவரோடு சேர்ந்து உட்கார்ந்து மறுபடி எண்ணிப் பார்த்தாரே, அப்போது அவருக்கு எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது வயது. அதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

6 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் இன்று தனியாக எழுதினார். பொதுவில் போடச் சம்மதம் கேட்டுப் போடுகிறேன், விவரங்களைக் குறைத்து.

"அக்கா, கட்சி கட்டிக் கேட்டதற்கு மன்னிக்கவும். உண்மையில் எனக்கு இருபத்து நான்கு வயது. தொலைவில் ஒரு வேலை வந்திருக்கிறது, இப்போது வாங்குவதைப் போல நான்கு மடங்கு சம்பளம். அப்பாவுக்குக் கடன் இருக்கிறது. தங்கை படிக்கிறாள். போனால் பணத்துக்காகப் போனவன் ஆவேன், போகாவிட்டால் பொறுப்பில்லாதவன் ஆவேன். எல்லாரும் பணம் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகக் கிளம்பலாம் என்று நினைத்தேன்."

தம்பி, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் லாட்டரிக்காரர்களைச் சுற்றியிருக்க மாட்டேன். உங்கள் கேள்வியில் செல்வமும் இல்லை, நீங்காத மகிழ்ச்சியும் இல்லை. ஒரு கடன் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் நிற்கிற ஒரு அப்பா இருக்கிறார். அந்த அப்பாவை வெளியே கொண்டுவரப் போவதைப் பணத்தாசை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். போங்கள்.

ஆனால் கிளம்பும் முன்பு ஒரு தாளில் இரண்டு எண் எழுதுங்கள். எவ்வளவு, எந்தத் தேதிவரை. நான் எழுதாமல் போனேன். மனதில் இரண்டு வருடம் என்று வைத்திருந்தேன். மனதில் வைத்த தேதியை மனமே நகர்த்திவிடும். போதும் என்பதற்கு ஒரு தொகை இல்லாவிட்டால் எந்தத் தொகையும் போதாது, அதைப் பன்னிரண்டு வருடம் ஒருவர் கணக்கில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கடன் அசல், வட்டி, தங்கையின் படிப்பு, அதற்குமேல் ஆறு மாத வீட்டுச் செலவு கையிருப்பு. இதைக் கூட்டுங்கள். வரப்போகும் சம்பளத்தில் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று வகுத்துப் பாருங்கள்.

7 ஏப்ரல்

அந்த ஆறு மாதக் கையிருப்பை விட்டுவிடாதீர்கள். 13ஆம் தேதி எழுதிய "அன்றாடம் அல்லாத ஒரு நாள்" அதற்குத்தான்.

யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எழுத வந்தேன், எழுதவில்லை. அப்பா அந்த நண்பரைப் பற்றி ஒரு நாளும் கெட்ட வார்த்தை பேசியதில்லை. அதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

21 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பியிடமிருந்து: "அக்கா, கணக்குப் போட்டுவிட்டேன். கடன் அடைய இருபத்தெட்டு மாதம். தங்கையின் படிப்பு, கையிருப்பு இரண்டையும் சேர்த்தால் முப்பத்தாறு. அடுத்த மாதம் கிளம்புகிறேன். தேதியை எழுதித் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன்."

தங்கையிடம் கொடுத்தது மிகவும் நல்லது. என் தேதி என்னிடம் மட்டுமே இருந்தது. தொலைபேசியில் அப்பாவிடமும் அம்மாவிடமும் பேசும்போது, கேட்ட கேள்விக்குத்தான் பதில் வருகிறதா என்று கவனியுங்கள்.

ஒன்று எழுதவில்லையே. அந்தக் கடனுக்கு வட்டி நிலையானதா, மாறுவதா? மாறுவது என்றால் இருபத்தெட்டு போதாமல் போகலாம். அப்பாவிடம் கடன் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.